இஸ்தோப்பில் ஒரு கிழட்டு நாய்

நடுச்சாமத்தில் நாய் ஊளையிட்டால் தோட்ட லயத்தில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், ஒருவருக்கும் தூக்கம் வராது. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர். பழைய லயங்கள் பலவற்றில் அந்தச் சுவரும் கூரை வரை எட்டாது. ஒரே சத்தத்துக்குப் பத்துக் குடும்பமும் விழித்துக்கொள்ளும். எமனைக் கண்டுதான் நாய் அழுகிறது, லயத்தில் சாவு விழப்போகிறது என்று வயதானவர்கள் சொல்வார்கள். யாராவது கல்லெடுப்பார்கள். விடிந்து பார்த்தால் ஊளையிட்டது ஏதோ வந்தேறி நாயாக இருக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷமாக அதே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், கிடக்கும் நாயாக இருக்கும். பகலெல்லாம் தூங்கும். சோற்றுத் தட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும். குட்டியிலிருந்து வளர்த்தவள் மலையிலிருந்து திரும்பி வந்தாலும் வாலாட்டச் சற்று நேரமாகும். இலங்கையின் றக்வானைப் பக்கத்துத் தோட்டங்களில் இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு: "வயசாயிருச்சு, புத்தி கலங்கிப் போச்சு."

அந்த விளக்கம் பாதி சரி. வயதாகியிருக்கிறது, புத்தியும் கலங்கியிருக்கிறது. அதோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் பிழை. வயதான நாயின் மூளைத் தேய்வைப் பற்றி ஏறத்தாழ முப்பது வருடமாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மருந்து வந்திருக்கிறது, விசேஷ உணவு வந்திருக்கிறது, ஆலோசனைகளும் ஏராளமாக வந்திருக்கின்றன. அவற்றில் எது, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாட்சம்பளத்துக்கு வாழும் ஒரு குடும்பத்துக்குப் பொருந்தும்? எது பணம் இருப்பவர்களுக்கு மட்டும்? எது பணம் இருந்தாலும் வீண்? இவற்றை எடை போட்டு ஒரு முடிவுக்கு வர விரும்புகிறேன். நாய் வாயில்லாப் பிராணி. அதற்காகத் தீர்மானிப்பவர்கள் நாமாக இருப்பதால், மனம் போனபடி தீர்மானிக்க நமக்கு உரிமையில்லை.

நோயிலிருந்து தொடங்குவோம். அல்சைமர் நோய் வந்த மனிதரின் மூளையில் படியும் பீட்டா அமிலாய்ட் என்ற புரதம் கிழட்டு நாயின் மூளையிலும் படிகிறது. மூளை சுருங்குகிறது, உள்ளே திரவம் நிற்கும் அறைகள் பெரிதாகின்றன. வெளியில் தெரிவது இப்படி இருக்கும்: பழகிய முற்றத்திலேயே வழி தெரியாமல் நிற்பது, கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பக்கம் போய்க் காத்திருப்பது, ஆட்களோடு பழகும் விதம் மாறுவது, பகலில் தூங்கி இரவில் நடப்பது, படுத்த இடத்திலேயே மூத்திரம் போவது, காரணம் தெரியாத பயம். லயத்தார் எமனோடு சேர்த்துப் பேசும் ஊளை, இரவும் பகலும் தலைமாறிப்போன மூளையிலிருந்து வருகிறது. தான் எங்கே இருக்கிறோம் என்று இருட்டில் தெரியாத ஒரு பிராணி ஆளைத் தேடிக் கூப்பிடுகிறது. கல்லெறிந்தால் அதன் பயம் கூடும், பயம் கூடினால் ஊளையும் கூடும். சாவுக் குறி என்ற நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. அதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாமெல்லாரும். ஆனால் அந்த நம்பிக்கை இந்த ஒரு விஷயத்தில் நோயாளியையே குற்றவாளியாக்கிவிடுகிறது.

இது அபூர்வமான நோயா? 2001இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், வேறு பெரிய நோயில்லாத, 11 முதல் 16 வயது வரையான 180 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விசாரித்தார்கள். 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்தில் குறைந்தது ஒரு குறியாவது இருந்தது. 15, 16 வயதில் அது 68 சதவீதம். 2010இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆய்வு இன்னும் கண்டிப்பான அளவுகோலைப் பயன்படுத்தி, எட்டு வயதுக்கு மேற்பட்ட நாய்களில் 14.2 சதவீதம் என்று கணக்கிட்டது. அதே ஆய்வில், மிருக வைத்தியரால் நோய் என்று அடையாளம் காணப்பட்டவை வெறும் 1.9 சதவீதம். இந்த எண்களை அப்படியே றக்வானைக்குத் தூக்கி வர முடியாது. அவை வீட்டுக்குள் வளரும், வைத்தியம் கிடைக்கும் நாய்களின் கணக்கு; சொன்னவர்களும் வளர்த்தவர்களே. நம் தெரு நாய்களிலும் தோட்டத்து நாய்களிலும் பல அந்த வயதைக் காண்பதேயில்லை. உண்ணிக் காய்ச்சலும் பஸ்ஸும் சுருக்குக் கம்பியும் முந்திக்கொள்கின்றன. என்றாலும் 14.2க்கும் 1.9க்கும் இடையே உள்ள தூரம் நமக்கும் ஒன்றைச் சொல்கிறது. வைத்தியர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊரிலும், 'வயசாகிவிட்டது' என்று மக்கள் பேசாமலேயே இருந்துவிடுகிறார்கள். நம் லயத்தார் மட்டும் அசட்டையானவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்த நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்னொன்றைக் கழித்தாக வேண்டும். இலங்கையில் நாயின் குணம் திடீரென்று மாறினால் முதலில் நினைக்க வேண்டியது விசர்நோயை. மேல்நாட்டு ஆலோசனைகளில் இதற்கு அநேகமாக இடமிருக்காது; அங்குள்ளவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. இங்கே அந்தப் பாடத்தை அப்படியே ஒப்பிப்பது உயிராபத்து. வேறுபாட்டைக் காலம் காட்டிக்கொடுக்கும். மூளைத் தேய்வு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். விசர் நாட்கணக்கில் ஏறும்: நேற்று வரை சரியாக இருந்த நாய் இன்று எதையும் கடிக்கும், எச்சில் வடிக்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் திணறும், குறி தெரிந்து பத்து நாளுக்குள் பெரும்பாலும் செத்துவிடும். ஆகவே ஒரு வாரத்துக்குள் மாறிப்போன நாயை, அது எவ்வளவு கிழடானாலும், 'புத்தி கலங்கிப் போச்சு' என்று மடியில் போட்டுக்கொள்ளக் கூடாது. கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசிக்குக் காசில்லை. வருடா வருடம் தடுப்பூசி போட்டு அட்டையும் வைத்திருக்கும் நாய் கிழடாகித் தடுமாறினால், வளர்ப்பவர் பெரும்பாலும் பயமின்றி அதன் பக்கத்தில் உட்காரலாம். தடுப்பூசி அட்டைக்கும் முதுமைப் பராமரிப்புக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது.

அடுத்துக் கழிக்க வேண்டியது வலி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் இதற்கு வைத்தியம் உண்டு. மூளைத் தேய்வை உறுதிப்படுத்தும் எளிய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற நோய்கள் ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதற்கே அந்தப் பெயர். மூட்டு வாதம் பிடித்த நாயும் இரவில் படுக்க முடியாமல் நடக்கும், தொட்டால் சீறும், இறங்க முடியாமல் இஸ்தோப்பிலேயே மூத்திரம் போகும். சிறுநீரகம் கெட்ட நாய் நிறையத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போகும். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய், முரசு வெளிறிச் சோர்ந்து கிடக்கும். ஈரமான இந்த மலைச்சரிவில் உண்ணிக்கா பஞ்சம்? கண்ணில் பூ விழுந்த நாய் சுவரில் முட்டும். காது போன நாய் பெயர் சொன்னால் திரும்பாது. இவை எல்லாவற்றையும் 'கிழட்டுப் புத்தி' என்ற ஒரே சாக்கில் கட்டிப் போட்டால், தீர்க்கக்கூடிய வலியும் அதற்குள்ளேயே கிடந்து மக்கும். கண்ணும் காதும் மங்கிய நாய்க்கும் மூக்கு பெரும்பாலும் இன்னும் உழைக்கும். வளர்த்தவரின் சட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது உடனே தெரிந்துகொண்டு குழைகிறதா என்று பார்க்கலாம். இது பரிசோதனை ஆகாது. ஆனால் வைத்தியரிடம் சொல்ல ஒரு உருப்படியான தகவலாகும்.

வலிக்கு நாமே மருந்து கொடுப்பதை மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனிதருக்கான இபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெனடோலும் அளவு தவறினால் ஈரலைக் கெடுக்கும். நாய்க்கென்று வலி மருந்துகள் இருக்கின்றன. அளவைச் சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர்.

அந்த வைத்தியர் எங்கே இருக்கிறார் என்பதுதான் றக்வானையின் உண்மையான சிக்கல். நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. அதன் போதனா ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து போக ஒரு முழு நாள் வேண்டும். மாதம்பைச் சந்தியும் பெல்மதுளையும் தாண்டி இரத்தினபுரிக்குப் போவதென்றாலும் கிழட்டு நாயை பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆட்டோ பிடிக்க வேண்டும். போகிறவருக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், விழாது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தபோது அது எவ்வளவு பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு நாள் பேரை நாய்க்காக விடுவது என்னவென்று புரியும். நகரத்து எழுத்தாளர்கள் 'உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவதை நான் இங்கே எழுதத் துணியமாட்டேன். ஆனால் லயங்களில் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கக் கால்நடை வைத்தியரோ அவருடைய ஆட்களோ மாட்டைப் பார்க்க வரும் நாள் உண்டு. அன்றைக்கு நாயையும் காட்டுவது ஒரு வழி. கைத்தொலைபேசியில், நாய் இரவில் நடப்பதை ஒரு நிமிடம் படம்பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. வைத்தியர் பகலில் பார்க்கும்போது நாய் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இனி மருந்தையும் உணவையும் பார்ப்போம். செலிஜிலின் என்ற மருந்து பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுவது. 1998இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதை நாய்களின் மூளைத் தேய்வுக்கும் அனுமதித்தது. சில நாய்களில் குறிகள் தணிகின்றன, தெரிய வாரக்கணக்காகும், நோயை அது நிறுத்துவதில்லை. பலன் தெரிந்ததாகச் சொன்னதும் பெரும்பாலும் வளர்ப்பவர்களின் மதிப்பீடே. தன் நாய் தேறிவிட வேண்டும் என்று தவிப்பவர் போடும் மதிப்பெண்ணை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. போதாததற்கு, டிராமடோல் போன்ற வலி மருந்தோடும் சில மனநல மருந்துகளோடும் அதைச் சேர்த்துக் கொடுப்பது ஆபத்து. வலியைத் தணிப்பதா, இதைக் கொடுப்பதா என்ற நிலை வந்தால் நான் வலியைத் தணிப்பதையே தேர்ந்தெடுப்பேன்.

உணவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அது நம் அடுப்படிக்கே வந்துவிட்டது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்று ஒரு வகை உண்டு. கிழட்டு மூளைக்கு சர்க்கரையை எரிக்கும் திறன் குறையும்போது இது மாற்று எரிபொருளாகிறது என்பது கருத்து. 2010இல் வந்த ஆய்வில், இந்தக் கொழுப்பைச் சேர்த்த உணவை எட்டு மாதம் தின்ற வயதான பீகிள் நாய்கள் கற்றல் சோதனைகளில் முன்னேறின. ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் அந்த உணவை விற்கும் நெஸ்லே பியூரினா நிறுவனத்தார். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் விற்பவரின் தராசு என்பதை மனதில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். இந்தச் செய்தி கைமாறிக் கைமாறி, இலங்கையில் 'தேங்காயெண்ணெய் கொடுத்தால் நாய்க்குப் புத்தி திரும்பும்' என்று ஆகிவிட்டது. இதை நான் மறுக்கிறேன். ஆய்வுகளில் முக்கியமாகப் பயன்பட்டவை எட்டு, பத்து காபன் அணுக்கள் கொண்ட கொழுப்பமிலங்கள். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி, பன்னிரண்டு காபன் கொண்ட லோரிக் அமிலம். எட்டும் பத்தும் சேர்ந்தே சுமார் 15 சதவீதம்தான் வரும். பிற்காலத்து ஆய்வு ஒன்றின் உணவில் இந்தக் கொழுப்பு 6.5 சதவீதம் இருந்தது. அதைத் தேங்காயெண்ணெயால் எட்டுவதென்றால், என் கணக்கில், நாயின் தீனியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எண்ணெயாக இருக்க வேண்டும். அப்படித் தின்னும் கிழட்டு நாய்க்கு வயிற்றுப்போக்கு நிச்சயம். கணைய அழற்சி வந்தால் உயிரே போகும். சோற்றில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது தீமையில்லை, வைத்தியமும் இல்லை. அந்த எண்ணெய்க் காசுக்கு உப்பில்லாமல் அவித்த சாளை மீன் இரண்டு வாங்கினால் பல் போன நாய் நிம்மதியாகத் தின்னும்.

மருந்தையும் எண்ணெய்ப் புட்டியையும் விட எனக்குக் கனமாகத் தெரியும் சான்று வேறொன்று. டொரொண்டோவின் மில்கிராம், இர்வைனின் கொட்மன் ஆகியோரின் குழுவினர் வயதான பீகிள் நாய்களை நான்கு குழுவாகப் பிரித்து ஏறத்தாழ 2.8 வருடம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண வாழ்க்கை. ஒன்றுக்கு ஒட்சியேற்ற எதிர்ப்பிகள் செறிந்த உணவு. ஒன்றுக்குத் துணை நாய், நடை, விளையாட்டு, கற்றல் பயிற்சி. கடைசிக் குழுவுக்கு இரண்டும். இரண்டும் கிடைத்த நாய்களே மிக நன்றாக இருந்தன; துணையும் பயிற்சியும் மட்டும் கிடைத்தவற்றுக்கும் தெளிவான பலன் இருந்தது. 2022இல் அமெரிக்காவின் நாய் முதுமைத் திட்டம் 15,000க்கும் மேற்பட்ட நாய்களின் விபரத்தை வெளியிட்டது. வயது ஒன்று கூடக்கூட மூளைத் தேய்வின் வாய்ப்பு விகிதம் 52 சதவீதம் ஏறியது. அதே வயதும் இனமும் உள்ள நாய்களில், அசையாமல் கிடப்பவற்றுக்கு மிகச் சுறுசுறுப்பானவற்றை விட அது 6.47 மடங்கு. இதில் ஒரு தடையைச் சொல்லாமல் விடக் கூடாது. அசையாமல் கிடந்ததால் மூளை தேய்ந்ததா, மூளை தேய்ந்ததால் அசையாமல் கிடக்கிறதா என்பதை ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு சொல்லாது. ஆனால் மில்கிராம் குழுவின் ஆய்வு வருடக்கணக்கில் தொடர்ந்து நடத்திய சோதனை. இரண்டையும் அருகருகே வைத்தால் நடைக்கும் துணைக்கும் ஆதரவான பக்கமே தாழ்கிறது.

இந்த இடத்தில் தோட்டத்து நாய்க்கு ஒரு வசதி இருப்பதை நாம் கவனிப்பதேயில்லை. கொழும்பின் மாடி வீட்டுக் கிழட்டு நாய், வீட்டார் வேலைக்குப் போனால் மாலை வரை நான்கு சுவருக்குள் தனியே கிடக்கும். லயத்து நாய்க்குச் சொந்தக்காரர் ஒருவர், சோறு போடுகிறவர்கள் பலர். காலையில் பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகிறவர்களோடு பாதி வழி நடக்கும். பீலிக்கரையில் பெண்களோடு நிற்கும். பிள்ளைக் காம்பராவின் வாசலில் படுக்கும். ஆட்கள் மலைக்குப் போன பிறகும் வயதான யாராவது ஒருவர் இஸ்தோப்பில் இருப்பார். ஆராய்ச்சிக்கூடம் காசு கொடுத்து ஏற்படுத்திய துணையும் நடையும் வாசனைகளும் இங்கே பிறவியிலேயே கிடைத்தவை. நாய் கிழடானதும் அவற்றைப் பறித்துக்கொள்பவர்கள் நாம்தான்.

பறிக்கும் விதங்களில் முதலாவது சங்கிலி. இரவில் அலைகிறது என்று கட்டிப் போடுவார்கள். கட்டுவதற்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், சூரியகந்தப் பக்கத்து மலைகளில் சிறுத்தை உண்டு. தோட்டப்புறங்களில் நாய் அதற்கு எளிய இரை. பன்றிக்கு வைக்கும் சுருக்குகளும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தையே சுருக்கில் மாட்டி, வைத்தியத்துக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்காமல் செத்தது. திசை தெரியாத கிழட்டு நாய்க்கு அந்தக் கம்பியிலிருந்து தப்பும் சாமர்த்தியம் இருக்காது. ஆகவே இரவில் அடைத்து வைப்பது சரி. பகலிலும் சேர்த்துக் கட்டுவதுதான் பிழை. நாள் முழுக்கக் கட்டுண்ட நாய் பகலில் தூங்கித் தீர்க்கும், இரவில் முழித்து ஊளையிடும். ஊளைக்காகக் கட்டிய கட்டே ஊளையை வளர்க்கும். பகலில் அவிழ்த்துவிட்டு, சாயங்காலம் மெல்ல ஒரு நடை நடத்தி, இருட்டியதும் காம்பராவுக்குள்ளோ அடைப்புள்ள குசினி மூலையிலோ படுக்க வைத்துச் சின்ன வெளிச்சம் ஒன்றை எரியவிட்டால் இரவின் கலக்கம் பல நாய்களில் குறையும். உள்ளே விடுவதற்கு வீட்டில் மறுப்பு வரலாம். இருப்பதே ஒரு காம்பரா. தொட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த மறுப்பு நியாயமானதும்கூட, ஏனென்றால் குழம்பிய நாய் தொட்டால் கடிக்கலாம். அப்போது குசினிப் பக்கமே வழி.

இரண்டாவது, இடம் மாற்றுவது. புத்தி தேயும் நாய்க்குக் கடைசியாக மிஞ்சும் கைப்பிடி அதன் இடம்: கான், படி, வாசல், சாம்பல் மேடு. லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்குக் குடும்பம் போகும்போது கிழட்டு நாய் பழைய லயத்துக்கே திரும்பித் திரும்பி ஓடினால் அது நன்றி கெட்டதால் அல்ல. அது அறிந்த உலகம் அங்கேதான் இருக்கிறது. புது வீட்டுக்கு முதலிலிருந்தே அதன் பழைய சாக்கையும் தட்டையும் கழுவாமல் கொண்டுபோக வேண்டும், சில நாள் கயிற்றில் பிடித்துக் கூடவே நடக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாதது: கொண்டுபோய் விடுவது. சாக்கில் போட்டுக் கட்டி, தெனியாய ரோட்டிலோ பன்சலை வாசலிலோ டவுன் சந்தையிலோ இறக்கிவிட்டு வருகிறார்கள். 'கொல்லவில்லை, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்' என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். இளம் நாய் பிழைக்கலாம். தன் இஸ்தோப்பிலேயே வழி தெரியாத நாய், முன்பின் அறியாத ரோட்டில் பசித்தும் பயந்தும் அடிபட்டும்தான் சாகும். அந்தச் சாவை நாம் கண்ணால் காணாமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்கிறோம், அவ்வளவுதான். நம் தோட்டங்களில் விடிய விடிய ஆடும் பொன்னர் சங்கர் கதையில், கொம்பன் பன்றியை வீழ்த்த உதவியது பொன்னாச்சி என்ற சின்ன நாய். அந்த இடத்தில் லயமே எழுந்து உட்காரும். வேட்டையில் நின்ற நாயைக் கூத்தில் கொண்டாடுகிறோம். பன்றியை விரட்டி நம் மரக்கறிப் பாத்தியைப் பத்து வருஷம் காத்த நாயை வேட்டை முடிந்த பிறகு எப்படி நடத்துகிறோம் என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். தோட்டத்துக் கிழவன் கிழவிகளுக்கே மறதி நோய் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. ராத்திரியில் காம்பராவை விட்டு இறங்கி நடக்கும் ஆயாவையும் 'வயசாயிருச்சு' என்றே விட்டுவிடுகிறோம். மனிதருக்கே இல்லாத கவனிப்பு நாய்க்கு எதற்கு? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சம்பளத்தில் ஒரு ரூபாயை மருந்துக்கு ஒதுக்க முடிந்தால் அது முதலில் ஆயாவுக்குத்தான். விலையுயர்ந்த மாத்திரையும் டின் உணவும் எனக்கு இரண்டாம்பட்சமாகப் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மேலே நான் ஆதரித்தவற்றுக்குப் பெரும்பாலும் காசில்லை. பகலில் நடத்துவது, இடத்தை மாற்றாமல் இருப்பது, இரவில் வெளிச்சம், கல்லெறியாமல் இருப்பது, வலியைக் கவனிப்பது. இதே ஐந்தும் ஆயாவுக்கும் வேண்டும். பொறுமையை நாய்க்குக் கொடுத்தால் மனிதருக்குக் குறைந்துபோகும் என்று யாரும் காட்டியதில்லை. கவனிக்கும் சுமை எப்போதும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது என்பது மட்டும் உண்மை. கொழுந்தெடுத்து, தண்ணீர் தூக்கி, சமைத்து முடித்தவளே நாயின் மூத்திரச் சாக்கையும் அலச வேண்டியிருக்கிறது. லயத்தின் பத்து வீடும் சோறு போட்டு வளர்த்த நாய்க்கு இரவு முறை ஒன்று வைத்துக்கொள்வதில் பத்து வீட்டுக்கும் நியாயம் இருக்கிறது, வீட்டு ஆண்களுக்கும்.

கடைசிக் கேள்வி, முடித்துவைப்பது. 2006இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்தியது. தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்துக்கு வந்தன. அது நல்ல முடிவு, மனதார ஆதரிக்கிறேன். ஆனால் தெருவில் திரியும் நல்ல நாயைக் கொல்லாதே என்பதையும், தேற வழியில்லாமல் துடிக்கும் நாயின் வேதனையை வைத்தியர் கையால் முடித்துவைக்கலாமா என்பதையும் நம் ஊரில் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பாவம் வந்து சேருமே என்ற அச்சம் சிங்களவர், தமிழர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் இருக்கிறது. வைத்தியர்களிலும் தயங்குபவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆயினும் எடை போட்டால் என் தீர்ப்பு இதுதான். மூளை தேய்ந்திருப்பது மட்டும் ஒரு நாயைக் கொல்லக் காரணமாகாது. நம் தூக்கம் கெடுவதும் காரணமாகாது, சாவுக் குறி என்ற பயம் ஒருபோதும் காரணமாகாது. குழம்பிய நாயும் வெயிலில் சுகமாகப் படுக்கும், தின்னும், தடவினால் கண்ணை மூடும். அது வாழ வேண்டிய நாய். வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்த பிறகும், தின்னாமல், எழ முடியாமல், படுக்கைப் புண்ணோடு, விழித்திருக்கும் நேரமெல்லாம் பயத்தில் நடுங்கி, நல்ல நாளை விடக் கெட்ட நாளே கூடுதலாகிவிட்டால், அந்த வாழ்வை நீட்டுவது கருணை ஆகாது. அப்போது வைத்தியரை அழைத்து, ஊசியால், அது பிறந்து வளர்ந்த இடத்திலேயே, தெரிந்தவர் கை மேலே இருக்க முடித்துவைப்பது சரி. மீன் துண்டில் விஷம் வைப்பதற்கும் இதற்கும் இடையே எந்த உறவும் இல்லை. முதலாவது சித்திரவதை, மற்ற நாய்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கொல்லக்கூடியது.

நல்ல நாள், கெட்ட நாள் கணக்கை ஞாபகத்தில் வைத்துச் சொல்ல முடியாது. சுவரில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொரு இரவும் ஒரு கோடு போட்டால் போதும்: தின்றதா, தூங்கியதா, ஆளைத் தெரிந்ததா. தீர்மானம் எடுக்க வேண்டிய நாளில் வீட்டார் சண்டை பிடிக்காமல் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். வீட்டுக்கு வெளியிலும் ஒரு வழி உண்டு. சுகாதாரத் திணைக்களத்தார் விசர்நோய்த் தடுப்பூசி போடத் தோட்டத்துக்கு வரும் நாளில் நாய்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. வைத்தியம் என்ற ஒன்று லயத்து நாயின் மேல் கை வைக்கும் ஒரே நாள் பல தோட்டங்களில் அதுதான். ஊசி போடுகிறவர், பத்து வயது தாண்டிய நாயைக் கொண்டுவந்தவரிடம் கூடுதலாக மூன்று கேள்வி கேட்கலாம்: இரவில் தூங்குகிறதா, படி ஏறி இறங்க முடிகிறதா, உங்களைத் தெரிகிறதா. ஒன்றுக்காவது 'இல்லை' என்று பதில் வந்தால் பெயரைக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். புதிய சட்டமோ புதிய கட்டடமோ இதற்கு வேண்டாம். றக்வானையில் அடுத்த தடுப்பூசி முகாமிலேயே கேட்கத் தொடங்கலாம்.